கறியை விட்டவர்

“அப்பா கறியை விட்டுட்டாராம்” என்று என் கணவர் போனில் சொன்னபோது, என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒரு சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லித்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் அதை மிதித்த வேகத்தில், தான் யாரையோ இடித்துவிட்டதாக நினைத்து அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். “நீ ஒண்ணும் பண்ணலம்மா, எங்க வீட்டு விஷயம்” என்று சமாதானப்படுத்தி வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

“யாரு சொன்னா?” என்றேன் போனில்.

“வேற யாரு, மேடைதான். ‘நான் ஒண்ணும் தடுக்கலைண்ணா, அவரே வேண்டாம்கிறார்’னு சொல்றா. வாய் பேச முடியாத மனுஷன் எப்படிடீ வேண்டாம்னு சொன்னார்னு கேட்டேன். போனை வச்சுட்டா. நம்ம கீழ்வீடு காலியாச்சுல்ல, ஓனர்கிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை போறோம், அப்பாவைக் கூட்டிட்டு வர்றோம்.”

மேடை என்பது, எதற்கெடுத்தாலும் மேடைப் பேச்சு பேசுகிற என் நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர். சொந்தத் தங்கைக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் என் கணவர்தான், பரப்பியது நான். அவள் வீகனாக மாறிச் சில வருஷங்கள் ஆகின்றன. கறி மீன் முட்டை மட்டும் இல்லை, பால் தயிர் தேன் எதுவும் தொட மாட்டாள். தொடாமல் இருந்தால் போகிறது, பேசாமல் இருக்க வேண்டுமே. காபிக்குப் பால் ஊற்றினால் பேச்சில் கன்றுக்குட்டி வந்துவிடும். தோல் செருப்பு வாங்கினால் செருப்புக்கு ஒரு பிரசங்கம். ஒருமுறை என் இருமல் மருந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, அதில் தேன் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். இத்தனைக்கும் அவள் பார்க்கிற வேலை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது. ஊரில் உள்ளவர்கள் கத்துவதை எல்லாம் “புரியுதுங்க சார், மன்னிச்சிடுங்க சார்” என்று பொறுமையாகக் கேட்பவள், எங்கள் தட்டைப் பார்த்தால் மட்டும் பொறுமையைத் தூக்கிப் போட்டுவிடுவாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவள் அனுப்பும் வீடியோக்களைத் தாங்க முடியாமல் அவள் இல்லாத இன்னொரு குரூப்பை ஆரம்பித்தோம். பழைய குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஏன் வருகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் இனிப்பு வேண்டாம் என்று கை காட்டினால் யாருக்கும் கோபம் வருவதில்லை, பாவம் என்கிறோம். குடிக்காதவரை நல்ல மனிதர் என்கிறோம். அவள் மட்டும் “எனக்கு வேண்டாம் அண்ணி” என்று சொன்னால், “நீங்களும் தின்னக் கூடாது” என்று எங்கள் காதில் விழுந்தது. பாதி நேரம் அவள் அப்படிச் சொல்லவும் செய்தாள் என்பது வேறு விஷயம். ஆனால் அவள் வாயைத் திறக்காத மீதி நேரத்திலும் எங்களுக்கு ஒரு கவளம் நிம்மதியாக இறங்கவில்லை. “செடிக்கு உயிர் இல்லையா?” என்று ஆளாளுக்குக் கேட்போம். ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரிதான் கேட்போம். அவள் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலப் பதில் சொல்வாள், அதற்குள் நாங்கள் சிரித்து முடித்திருப்போம்.

மாமா, அதாவது என் மாமனார், சிரிக்கிற ரகம் இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் அன்றைக்கு ஞாயிறே இல்லை என்று சாதிக்கிற ஆள். தட்டில் ஈரலை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிடுவார். இடையில் யாராவது அதன் பக்கம் கை நீட்டினால் பேரன் என்றுகூடப் பார்க்க மாட்டார். என் மகனின் பிறந்தநாள் அன்று, கேக்கில் இருக்கும் முட்டை எங்கிருந்து வந்தது என்று மேடை குழந்தைகளுக்கு விளக்கப் போய், நாலு குழந்தைகள் கேக்கைத் துப்பிவிட்டு அழுதார்கள். மாமா எழுந்து கையைக் கழுவினார். “இனிமே நான் சாப்பிடுற எடத்துல நீ உக்காராத” என்று மகளிடம் சொன்னார். அதோடு சரி. அவள் வருவாள், பேசுவாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவாள். அவள் போகும்போது அவர் பார்க்க மாட்டார், போன பிறகு ஜன்னல் பக்கம் போய் நிற்பார்.

அப்படிப்பட்டவர் பக்கவாதம் வந்து அவள் வீட்டிலேயே போய்ப் படுக்கும்படி ஆனதற்குக் காரணம் எங்கள் மாடிப்படி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்ட மனிதரை மாதம் நாலு முறை மருத்துவமனைக்குத் தூக்கி இறக்க முடியாது. மேடை இருந்தது தரைத்தளம். “என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன். ஆனா என் வீட்டுக்குள்ள கறி வராது” என்றாள். வேறு வழியில்லாமல் தலையாட்டினோம். இப்போது எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீடு காலியாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து கோழி ஈரலை எலும்புச் சாற்றில் வேகவைத்து, மசித்து, வடிகட்டி, கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தால் அவருக்குப் புரையேறிவிடும். அதை ஒரு பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோனோம். அந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் கறி நுழையப் போகிறது, கலவரம்தான் என்று வழியெல்லாம் தயாராகிக்கொண்டே போனேன்.

கலவரம் ஒன்றும் நடக்கவில்லை. மேடை கதவைத் திறந்தாள், பிளாஸ்கைப் பார்த்தாள், வழி விட்டாள். மாமாவின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. முதுகுக்குச் சரிவாகத் தலையணை, கழுத்தடியில் துவைத்து மடித்த துண்டு, நகங்கள் வெட்டிய விரல்கள். எல்லாம் சரியாக இருந்தன. ஆள்தான் பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையே நுழையும் போல் இருந்தது. என் கணவர் நேராகக் கட்டிலுக்குப் போய்ப் பிளாஸ்கின் மூடியைத் திருகினார்.

“குடுண்ணா, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அப்பா வாங்க மாட்டார்” என்றாள் அவள். கோபமே இல்லை அந்தக் குரலில். எங்களுக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது. “தாடையைக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சுக்கோ. ஒரு வாய் முழுங்கினதும் அடுத்தது.”

முதல் கரண்டி உள்ளே போனது. மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நல்லாயிருக்கிற இடது கையை நீட்டி மகனின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று போய்க்கொண்டே இருந்தது. கரண்டி பிளாஸ்குக்குத் திரும்பும் நேரம்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மேடையைப் பார்த்தேன். கிரேன் மேலிருந்து எதையோ போட்டுவிட்ட மாதிரி அவள் முகம் நொறுங்கிப்போயிருந்தது.

“இதான் விட்டதா?” என்றார் என் கணவர். “பெத்த அப்பனைப் பட்டினி போட்டிருக்கே. உன் கொள்கைக்கு இவர்தானா கெடச்சார்? எழுந்து ஓட முடியாதவர், எதிர்த்துப் பேச முடியாதவர்?”

“குடுத்தேண்ணா. டாக்டர் புடிச்சதைக் குடுங்கன்னு சொன்னதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் குடுத்தேன்.”

“நீ? இந்த வீட்ல? கறியா?” அவர் சிரித்துவிட்டார்.

“அண்ணி, நீங்களாவது நம்புங்க.”

நான் நம்பவில்லை. இருமல் மருந்தில் தேனைக் கண்டுபிடித்தவள் ஈரலை வாங்கிச் சமைத்தாள் என்றால் எப்படி நம்புவது? பிளாஸ்க் மூடியைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். அண்ணன் தங்கை சண்டைக்கு நடுவில் எனக்குப் பிரேக் கிடையாது என்று கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில் ஒரு கரண்ட் அடுப்பு தனியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி. அவளுடைய மற்றப் பாத்திரங்களோடு சேராமல் மூன்றும் ஒரு வாளிக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஃபிரிட்ஜைத் திறந்தேன். அடித்தட்டில், இரண்டு பைகளுக்குள் பொதிந்து வைத்திருந்த ஒரு டப்பா. மூடியை எடுத்தால் ஈரல் மசியல், காலையில் செய்தது. வாசனையில் ஒரு குறையும் இல்லை. விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தேன்.

அப்படி ஒரு கசப்பை நான் சாப்பாட்டில் பார்த்ததில்லை. தொட்டியில் துப்பினேன், வாய் கொப்பளித்தேன், மறுபடியும் துப்பினேன். அடிநாக்கில் அது போகவே இல்லை.

நிமிர்ந்தபோது மேடை வாசலில் நின்றிருந்தாள்.

“இதை எப்படிச் செஞ்சே?” என்றேன்.

“வீடியோ பாத்துத்தான் அண்ணி. ஏன்?”

“கடையில ஈரலைச் சுத்தம் பண்ணித் தந்தாங்களா?”

“பண்ணித் தரவான்னு கேப்பார். அங்க நின்னு அதைப் பாக்க என்னால முடியாது. அப்படியே குடுங்கன்னு வாங்கிட்டு ஓடி வந்துடுவேன். இங்கயும் பாக்க மாட்டேன். பையைக் கவுத்து நேரா பாத்திரத்துல கொட்டிடுவேன். வெந்தப்புறம் கண்ணைப் பாதி மூடிக்கிட்டு மசிப்பேன்.”

“பித்தப்பையோடயா?”

“அப்படின்னா?”

“ஈரலோட ஒட்டிக்கிட்டு பச்சையா ஒரு சின்னப் பை இருக்கும். அதை முழுசா எடுத்துடணும். உடைஞ்சா எல்லாம் கசந்துபோயிடும். ருசி பாக்கலையா நீ?”

“நான் எப்படி அண்ணி ருசி பாப்பேன்?”

அடக்க முடியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. அவள் சிரிக்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் மெல்ல மெல்லக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். ஆனால் சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

“அப்போ அப்பா கறியை விடல” என்றாள்.

“இல்லம்மா.”

“கசந்திருக்கு. அதான்.” துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். “மொதல் ஞாயித்துக்கிழமை அவர் தலையைத் திருப்பினப்போ நான் அவர் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன் அண்ணி. அப்பா, நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிடுச்சான்னு கேட்டேன். என்னையே பாத்துட்டு இருந்தார். ஒவ்வொரு வாரமும் நாலு வாய் வாங்கிப்பார், அப்புறம்தான் திருப்புவார். கொஞ்சம் கொஞ்சமா விடுறார்னு நெனச்சேன். இத்தனை வருஷத்துல ஒரே ஒருத்தர் நான் சொன்னதைக் கேட்டார், அதுவும் எங்கப்பான்னு…” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் எங்கேயும் போய்விடவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவளுக்குத் தோளைத் தொட்டால் பிடிக்காது என்று தெரிந்தும் தொட்டேன்.

என் கணவரைக் கூப்பிட்டு டப்பாவை நீட்டினேன். ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார். கையில் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“சமைக்கறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பே? ‘மேடை கறி சமைக்குது’ன்னு உங்க குரூப்புல போட்டிருப்பே.”

அந்தப் பெயரும் அந்தக் குரூப்பும் அவளுக்குத் தெரியும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதும் என் கணவர் இறங்கி வரவில்லை. வீடு பார்த்தாகிவிட்டது, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, அப்பா இளைத்துப்போனதும் பொய் இல்லை. “தப்பு உன்மேல இல்லன்னே வச்சுக்கோ. அங்க ருசி பாக்க ஆள் இருக்கு. உன்னால முடியாது. முடியாததை எதுக்கு இழுத்துப் போட்டுக்கறே?” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மாமாவின் துணிமணிகளை எடுத்து வைக்கப் போனார். திட்டியதைவிட அது அவளை அதிகமாகத் தாக்கியது. அதில் நியாயம் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அவள் எழுந்து ஃபிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து இன்னொரு பையை எடுத்தாள். “காலையில பாதிதான் போட்டேன். மீதி இருக்கு. எப்படின்னு காட்டுங்க அண்ணி.”

“இப்ப எதுக்கும்மா? அவருக்கு வயிறு ரொம்பியிருக்கும்.”

“ஒரு வாய் போதும். ஒரு தடவையாவது ஒழுங்கா குடுத்துட்டு அனுப்பறேன்.”

ஈரலைத் தட்டில் கொட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தானாகவே திரும்பினாள். மடிப்பை விலக்கி, விரல் நுனி அளவே இருந்த அந்தப் பச்சைப் பையைக் காட்டினேன். அழுத்தாமல், சுற்றியிருக்கிற சதையோடு சேர்த்துக் கத்தரிக்க வேண்டும் என்றேன். ஒன்றை நான் எடுத்தேன். அடுத்ததுக்கு அவள் கத்தரிக்கோலைக் கேட்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, கை மட்டும் நடுங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த அளவு நிதானமாகக் கறி நறுக்கியவர்களை நான் பார்த்ததில்லை.

“இது ஒரு உயிர் அண்ணி” என்றாள் வேலையை நிறுத்தாமல். “நாளைக்கும் இதைத் தப்புன்னுதான் சொல்வேன்.”

“சொல்லு. நாளைக்குச் சொல்லு. இப்ப அடுப்பைப் போடு.”

வெந்ததும் அவளே மசித்தாள், வடிகட்டினாள். நான் ருசி பார்க்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை வண்டியைத் தனியாக நிறுத்திக்காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கும் பெண்களின் பார்வை அது. நன்றாகவே இருந்தது. நான் செய்ததைவிட மிருதுவாகக்கூட இருந்தது. அதைச் சொல்லவில்லை, “சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். நான் பின்னால் போய் நின்றேன். என் கணவர் ஜிப் போட்ட பையோடு வாசல் நிலையில் சாய்ந்திருந்தார்.

மாமா சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்த திருப்தி முகத்தில் இருந்தது. மேடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தடித் துண்டைச் சரிசெய்து, அவர் தாடையை இறக்கினாள். “அப்பா, ஒரே ஒரு வாய்” என்றாள். அவர் திரும்பி முதலில் கிண்ணத்தைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். மூக்கு விடைத்து அடங்கியது.

பிறகு இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கசப்பு மருந்துக்குத் தயாராகிற குழந்தை மாதிரி, புருவம் சுருங்க இரண்டு கண்களையும் இறுக மூடினார். மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

கரண்டி அவர் உதட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மேடைக்குக் கை நகரவில்லை. அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, வாயை மூடவும் இல்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்க, அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.